மூன்று சுழி ‘ண’வும் திரைப் புள்ளிகளும்

கண்புரை அறுவை செய்துகொண்ட என் வயதுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “கைப்பேசியில் தமிழ் எழுத்து அச்சடித்த மாதிரி வழவழவென்று இருக்கிறது. வீட்டிலுள்ள பழைய கணினியில் அதே செய்தி பல்லும் படிக்கட்டுமாகத் தெரிகிறது. கோளாறு கண்ணிலா, கணினியிலா?” கைப்பேசியில் நன்றாகத் தெரிகிறதென்றால் கண்ணைக் குறை சொல்ல வேண்டாம். இதன் பின்னால் முந்நூறு ஆண்டுக் கதை இருக்கிறது. அதில் ஒரு பங்கு பிரான்சில் நடந்தது. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்து, அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளி, ஓய்வுக்குப் பின் தென்காசிச் சாரலைத் தேடி வந்தவன் நான். அதனால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல ஆசை.

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். திரை என்பது புள்ளி வைத்த வாசல். ஆனால் நெளிக்கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றி வளைந்து போகும். திரையில் அந்தச் சலுகை இல்லை. ஒரு புள்ளியை நிரப்பலாம், அல்லது விடலாம், அவ்வளவுதான். பேருந்தின் நெற்றியில் சிவப்பு விளக்குப் புள்ளிகளால் ‘குற்றாலம்’, ‘செங்கோட்டை’ என்று ஓடுவதைப் பாருங்கள். வளைவு வரவேண்டிய இடத்திலெல்லாம் படிக்கட்டு வரும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஆங்கில ‘என்’ எழுத்துக்குக் குறைந்தது மூன்று புள்ளி அகலம் போதும்: கோடு, இடைவெளி, கோடு. ‘எம்’முக்கு ஐந்து. நம் மூன்று சுழி ‘ண’வுக்கோ குறைந்தது ஏழு வேண்டும். பழைய கணினித் திரையில் ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்பது வழக்கமான கணக்கு. அதில் 12 புள்ளி அளவு எழுத்துக்கு உயரம் 16 வரிசை மட்டுமே. அதற்குள்ளேயே மேலே ‘கீ’யின் கொக்கியும் கீழே ‘மூ’வின் வாலும் அடங்க வேண்டும். லேசர் அச்சுப்பொறியில் அங்குலத்துக்கு 300 புள்ளி. ஒரு சதுர அங்குலத்துக்குத் திரையில் 9,216 புள்ளி, தாளில் 90,000. தாளில் அழகாக இருந்த எழுத்து திரையில் ஏன் சொறி பிடித்தது என்பதற்கு இதுவே முதல் விடை.

எழுத்தைக் கட்டத்தில் அடைக்கும் வேலை கணினியோடு வந்ததல்ல. 1692-இல் பதினான்காம் லூயி மன்னர் தமது அச்சகத்துக்குப் புதிய எழுத்து வேண்டுமென்றார். அறிவியல் கழகத்தார் ஒரு குழு அமைத்து, 48-க்கு 48 என 2,304 சிறு கட்டங்கள் கொண்ட சதுரத்தில் எழுத்துகளை வரைந்தார்கள். ‘மன்னரின் ரோமன்’ என்று அதற்குப் பெயர். உருக்கில் அச்சு வெட்டியவர் பிலிப் கிராஞ்சான். அவர் கட்டத்தை அப்படியே பின்பற்றவில்லை. தேவைப்பட்ட இடத்தில் தம் கண்ணை நம்பினார். கணக்கு ஒன்று சொல்லும், கண் ஒன்று சொல்லும். இரண்டையும் சமாதானப்படுத்துகிறவனே எழுத்துக் கலைஞன். 1702-இல் அந்த எழுத்தில் முதல் நூல் வெளிவந்தது.

நிற்க. எங்கள் அலுவலகத்துக்கு முதலில் வந்த அச்சுப்பொறி ஊசி வகை. அதன் தலையில் ஒன்பதே ஊசிகள். ஆங்கிலம் ஒருவாறு வரும், தமிழ் நசுங்கும். குடும்ப ஓய்வூதியப் பட்டியல் ஒன்றில் ‘மணி’ என்ற அம்மாளின் பெயர் ‘மனி’ என்று தெரிந்ததால் வங்கியில் திருப்பிவிட்டார்கள். எங்கள் கண்காணிப்பாளர் பேனாவால் ஒரு சுழி சேர்த்து, ஓரத்தில் கையொப்பமிட்டு அனுப்பினார். அந்த ஒரு சுழிக்காக அந்த அம்மாள் ஒரு மாதம் அலைந்தார். எழுத்து தெளிவாக இருப்பது அலங்காரச் சங்கதி அல்ல என்பது அன்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. ‘மணம்’, ‘மனம்’, ‘பணி’, ‘பனி’: நம் மொழியில் ஒரு சுழி போனால் பொருளே போய்விடும்.

பிறகு வளைகோட்டு எழுத்துருக்கள் வந்தன. ஒவ்வோர் அளவுக்கும் புள்ளிப்படம் வரைந்து வைப்பதற்குப் பதிலாக, எழுத்தின் ஓரத்தைக் கணித வளைகோடாகச் சேமிப்பது இதன் முறை. எந்த அளவுக்கு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். இந்த வளைகோடுகளும் பிரான்சுச் சரக்குதான். சித்ரோயன் கார் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்ஜோவும், ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியேவும் காரின் உடலை வரைவதற்காக 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியே கண்டவை. 1984-இல் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட், 1991-இல் ஆப்பிளின் ட்ரூடைப் ஆகியவை வழியாக அவை எழுத்துக்குள் நுழைந்தன. 1992-இல் விண்டோஸிலும் ட்ரூடைப் வந்தது.

ஆனால் வளைகோட்டைக் கடைசியில் புள்ளிகளில்தானே இறக்கவேண்டும்? ஒரு கோடு இரண்டு புள்ளி வரிசைக்கு நடுவில் விழுந்தால் என்ன செய்வது? அதற்காக எழுத்துருவுக்குள் கட்டளைகளை எழுதி வைப்பார்கள். ‘இந்தக் கால் எந்த அளவிலும் ஒரு புள்ளிக்குக் குறையக்கூடாது’, ‘இந்தச் சுழியின் கண் அடைபடக்கூடாது’ என்கிற மாதிரி. இதற்கு ஹிண்டிங் என்று பெயர். எழுத்து எழுத்தாக, அளவு அளவாகச் செய்யவேண்டிய பொறுமை வேலை. பெரிய நிறுவனங்கள் ஆங்கில எழுத்துருக்களுக்குப் பணம் செலவழித்து இதைச் செய்தன. தமிழுக்கு அப்போது தனி ஆர்வலர்களே துணை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவையும், மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் ‘முரசு’ செயலியையும் தந்தார்கள். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் பலர் உருவாக்கிய எழுத்துருக்களில் எல்லா அளவுக்கும் ஹிண்டிங் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. அவர்கள் இல்லையென்றால் சொறி பிடித்த எழுத்துகூட நமக்குக் கிடைத்திராது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் வகுத்தார்கள். 2000-இல் விண்டோஸோடு ‘லதா’ எழுத்துரு சேர்ந்து வந்தது.

வழவழப்புக்கு இன்னொரு வழி, சாம்பல் நிறம். வளைவு ஒரு புள்ளியின் பாதியை மட்டும் தொட்டால், அதைக் கறுப்பாகவும் விடாமல் வெள்ளையாகவும் விடாமல் பாதிச் சாம்பலாக்குவது. சாரல் காலத்தில் குற்றால மலையின் ஓரம் வானத்தோடு கரைகிறதே, அந்த மாதிரி. கூர்மை கொஞ்சம் குறையும்; படிக்கட்டு மறையும். மைக்ரோசாப்ட் 1998-இல் கிளியர்டைப் என்ற முறையை அறிவித்தது. தட்டைத் திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பட்டைகள் பக்கம் பக்கமாக நிற்பது. அவற்றைத் தனித்தனியே இயக்கினால் அகலவாக்கில் மூன்று மடங்கு நுட்பம் கிடைக்கும். நம் சுழிகள் அகலவாக்கில்தானே வரிசை கட்டுகின்றன! தமிழுக்கு இது பெரிய உபகாரம். ஆனால் 2001-இல் வந்த எக்ஸ்பியில் இது தானாக இயங்காது, நாம்தான் முடுக்கவேண்டும். விஸ்டா முதலே தானாக வந்தது.

ஆகவே ஒரே திரையில் ஓர் எழுத்து வழவழப்பாகவும் மற்றது கரடுமுரடாகவும் இருந்தால் காரணம் மூன்றில் ஒன்று. அது வெறும் புள்ளிப்பட எழுத்தாக இருக்கலாம். அதை எதுவும் மெருகேற்ற முடியாது. அல்லது, ‘சிறிய அளவில் சாம்பல் பூசாதே’ என்று எழுத்துருவிலேயே கட்டளை இருக்கலாம். அல்லது ஹிண்டிங் இல்லாமல் இருக்கலாம். 2010-இல் ஆப்பிள் கைப்பேசி அங்குலத்துக்கு 326 புள்ளிகளோடு வந்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். திரை தாளுக்குச் சமமானது. ஹிண்டிங்கின் அவசியமும் பெரும்பாலும் தீர்ந்தது.

எனக்கு இதில் பெரிய செய்தியாகப் படுவது வேறு. பிரெஞ்சுத் தட்டச்சுப் பொறியில் தலைப்பெழுத்துகளின் மேல் குறி போட வழியில்லை. நாளடைவில் ‘தலைப்பெழுத்துக்குக் குறி வேண்டாம்’ என்பதே இலக்கணம் போல ஆகிவிட்டது. பிரெஞ்சு அக்கடமியோ அந்தக் குறிக்கு முழு மதிப்பு உண்டு என்கிறது. நாமும் 1978-இல் தும்பிக்கை ‘லை’யையும் அதன் உறவினர்களையும் விட்டோம். பெரியார் 1935 முதல் கையாண்ட சீர்திருத்தம் அது. படிக்கும் குழந்தைக்கும் அச்சுக்கோப்பவருக்கும் சுமை குறைந்தது, நல்லதே. அதன்பின் உகர, ஊகார எழுத்துகளையும் மாற்றவேண்டும் என்று வா.செ.குழந்தைசாமி போன்ற அறிஞர்கள் வாதிட்டார்கள். கற்பிக்கும் வசதிக்காக அந்த வாதம் இன்னும் நடக்கலாம். ஆனால் ‘இயந்திரம் தாங்காது’ என்ற காரணத்தை மட்டும் இனி யாரும் சொல்ல முடியாது. மூன்று சுழிக்கும் திரையில் இடம் கிடைத்துவிட்டது.

பழைய கணினி வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் கிளியர்டைப் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. கண்ணாடி மாற்றும் செலவு மிச்சமாகலாம்.