தேவ்லாலி வாத்தியாரும் முதலாண்டு ரெக்கார்டு நோட்டும்

முதலாண்டு கம்ப்யூட்டர் லேபில் என்னிடம் படித்தவர்கள் யாருடைய ரெக்கார்டு நோட்டைப் பிரித்தாலும் மூன்று புரோகிராம்கள் தப்பாமல் இருக்கும். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டுவது, எண்ணைத் திருப்பிப் போடுவது, 153 ஆர்ம்ஸ்ட்ராங் எண்தானா, அதாவது இலக்கங்களின் கனங்களைக் கூட்டினால் அதே எண் வருகிறதா என்று பார்ப்பது. டர்போ சி-யின் நீலத் திரை போனது, பைத்தான் வந்தது, பாடத்திட்டம் மாறிக்கொண்டே இருந்தது. இந்த மூன்றும் அசையவில்லை. இவற்றை ஏன் போடுகிறோம் என்று வைவாவில் எந்த எக்ஸ்டர்னலும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் யார் என்று கேட்பார்கள். நிலாவுக்குப் போனவர் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கணக்கு எளிது. எண்ணைப் பத்தால் வகுத்தால் மீதி கடைசி இலக்கம். ஈவு மிச்சமுள்ள எண். ஈவு பூஜ்யமாகும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். இலக்கங்கள் கண்ணெதிரே இருக்கும்போது வகுப்பானேன் என்று சூட்டிகையான பிள்ளை கேட்கும். 1946-இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் அந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது; அது ஒவ்வொரு தசம இலக்கத்தையும் தனித்தனியாகவே வைத்திருந்தது. பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை இரும எண்முறைக்குப் போய்விட்டன. இன்றைய இயந்திரத்துக்குள் 153 என்பதில் ஒன்றும் இல்லை, ஐந்தும் இல்லை, மூன்றும் இல்லை. அதனால்தான் வகுத்துப் பிடுங்க வேண்டியிருக்கிறது. கெர்னிஹனும் ரிச்சியும் 1978-இல் எழுதிய சி புத்தகத்திலும், எண்ணை எழுத்தாக்கும் சிறு புரோகிராமில் இலக்கங்கள் பின்னாலிருந்துதான் வருகின்றன. பிறகு திருப்பிப் போடுகிறார்கள்.

டர்போ சி காலத்தில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. 12345-ஐத் திருப்பச் சொன்னால் திரையில் மைனஸ் 11215 வரும். அதன் சாதாரண முழு எண் 32767-க்கு மேல் தாங்காது. 54321 அதைத் தாண்டி மறுபக்கம் போய் விழும். கணினியின் எண்ணுக்கும் கணக்கு வாத்தியாரின் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மைனஸ் குறியைப்போல விளக்கிய பாடம் வேறில்லை.

இனி, இந்த விளையாட்டுகளின் பூர்வீகம். நம் ராமானுஜனைக் கைதூக்கிவிட்ட ஹார்டி, 1940-இல் வெளிவந்த தன் நூலில் இவற்றை ஒரு பிடி பிடித்திருக்கிறார். 153, 370, 371, 407 ஆகியவை தம் இலக்கங்களின் கனங்களைக் கூட்டினால் தாமே வரும் எண்கள். 8712 என்பது அதைத் திருப்பிப் போட்ட 2178-இன் நான்கு மடங்கு. இவை புதிர்ப் பகுதிக்குப் பொருத்தம், கணிதக்காரனுக்கு இதில் ஒன்றுமில்லை என்பது அவர் தீர்ப்பு. எங்கள் ரெக்கார்டு நோட்டின் இரண்டு புரோகிராம்கள் அந்த ஒரே இடத்தில் அடிவாங்கியிருக்கின்றன! பத்தை விட்டு வேறு அடிமானத்துக்குப் போனால் இந்தப் பண்புகள் கலைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் அதே ஹார்டி சுவாரசியமில்லை என்று ராமானுஜனிடம் சொன்ன 1729-ஐ எடுங்கள். இலக்கங்களின் கூட்டுத்தொகை 19. திருப்பினால் 91. இரண்டையும் பெருக்கினால் 1729.

இப்படித் தன் இலக்கக் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு 'ஹர்ஷத்' என்று பெயர் வைத்தவர் த. ரா. காப்ரேகர். 1905-இல் தஹானுவில் பிறந்தவர். புனே ஃபெர்குசன் கல்லூரியில் படித்து, 1927-இல் கணிதத்துக்கான பராஞ்சபே பரிசு வாங்கியவர். மேற்படிப்பு இல்லை. 1930 முதல் 1962 வரை நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி வாத்தியார். ஓய்வுக்குப் பின் பென்ஷன் போதாமல் டியூஷன் எடுத்தார். கண்டுபிடித்தவற்றில் பலவற்றைத் தானே சிறு புத்தகங்களாக அச்சடித்தார். பம்பாய்ப் பக்கத்து ரயில் நிலையம் ஒன்றின் பெயரை ஒருவகை எண்களுக்குச் சூட்டி 'டெம்லோ எண்கள்' என்றார். இப்படிப்பட்டவரை நம்முடைய பெரிய கணிதக்காரர்கள் பொருட்படுத்தாததில் வியப்பில்லை; நியாயமும் இல்லை.

1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் அவர் 6174-ஐ அறிவித்தார். நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசையில் அடுக்கியதைக் கழியுங்கள். விடையை மறுபடி அப்படியே செய்யுங்கள். ஏழு தடவைக்குள் 6174 வந்து நின்றுவிடும். அந்த மாநாட்டு ஆண்டையே போட்டுப் பார்த்தேன். 9941-இல் 1499 போக 8442. பிறகு 5994, 5355, 1998, 8082, 8532, ஏழாவதாக 6174. 1955-இல் இது அமெரிக்காவின் 'ஸ்கிரிப்டா மேத்தமேட்டிகா' இதழில் வந்தது. 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் காப்ரேகரைப் பற்றி எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1986-இல் அவர் இறந்தார்.

இலக்கத்தைப் பிரித்துக் கூட்டுவது வெறும் பொழுதுபோக்கு என்றும் சொல்ல முடியாது. ஐபிஎம்-மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் ஒரு கைக்கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். எண்ணில் ஓர் இலக்கம் விட்டு ஓர் இலக்கத்தை இரட்டித்து, இரட்டித்தது இரண்டு இலக்கமானால் அவற்றையும் பிரித்து, எல்லா இலக்கங்களையும் கூட்டி, தொகை பத்தால் வகுபடுகிறதா என்று பார்ப்பது அதன் முறை. இன்றும் ஏடிஎம் கார்டு எண்ணின் கடைசி இலக்கம் அதன்படிதான் அமைகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம்மாற்றி அடித்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். 09-ஐ 90 ஆகவோ 90-ஐ 09 ஆகவோ ஆக்கினால் மட்டும் கோட்டைவிடும். ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கம் டச்சுக்காரர் வெர்ஹூஃபின் முறைப்படி வருவது; அது இதையும் விடாது.

லேபில் பாடம் எடுக்கும் இளைய ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆர்ம்ஸ்ட்ராங் எண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு காப்ரேகரின் கணக்கைக் கொடுங்கள். அவர் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகள் வழக்கமான லூப்பை எழுதி வந்தால் 2111-ஐ உள்ளிடச் சொல்லுங்கள். 2111-இல் 1112 போனால் 999. ஈவு பூஜ்யமானதும் நிற்கும் லூப் அதை மூன்று இலக்கமாக எடுத்து, 999-இல் 999-ஐக் கழித்துப் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். முன்னாலிருக்கும் பூஜ்யத்தையும் இலக்கமாக எண்ணி, நான்கு தடவை வகுத்தால்தான் 9990-இல் 0999 போய் 8991 என்று கணக்கு நடக்கும். பூஜ்யம் எங்கே தொலைந்தது என்று பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.