மணமேடைக்கு முன் ஒரு துளி இரத்தம்: அரிவாள் அணுச் சோகையும் அடையாள அட்டையும்

இந்தியாவில் அரிவாள் அணு இரத்தசோகை குறித்த முதல் பதிவுகள் 1952ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே இந்நோய் காணப்பட்டதை ஒரு கட்டுரை பதிவுசெய்தது. அதே ஆண்டில் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகியோர் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் அரிவாள் அணுப் பண்பு இருப்பதை அறிவித்தனர். அவர்களது மற்றொரு கட்டுரையோ, ‘வெட்டாய்டு’ என அன்று வழங்கப்பட்ட தென்னிந்தியக் குழுக்களை இப்பண்பைக் கொண்டு உட்பிரிக்க முற்பட்டது. ஆக, பழங்குடியினரின் இரத்தம் இனவகைப்பாட்டிற்கும் சான்றாயிற்று. இவ்வரலாற்றை மறந்து இன்றைய பரிசோதனைத் திட்டங்களை மதிப்பிட இயலாது.

அறிவியல் எளியது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இம்மரபணுவைப் பெற்றவர் ‘தாங்குநர்’; அவர் பொதுவாக நலமாகவே வாழ்வார். மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு பாதுகாப்பும் கிட்டுகிறது என்பதை 1954இல் ஆந்தனி ஆலிசன் நிறுவினார். தாங்குநர் இருவர் மணந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோயுற்ற குழந்தை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாங்குநர் ஒருவர், இரத்தப் பண்பில் எக்குறையும் இல்லாத ஒருவரை மணந்தால் அவ்வாய்ப்பு இல்லை. பரிசோதனை எழுப்பும் வினா இணை குறித்தது. தனியொருவரின் தகுதி குறித்தது அன்று.

இவ்வேறுபாடு மறக்கப்பட்டால் நேர்வதை அமெரிக்கா காட்டிற்று. தாங்குநரின் நெற்றியில் பச்சை குத்தலாம் என 1968இல் எழுதியவர், இந்நோயின் மூலக்கூற்று அடிப்படையைக் கண்டறிந்த லைனஸ் பாலிங். 1970களின் தொடக்கத்தில் பல மாநிலங்கள் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. சில அதனைத் திருமண உரிமத்தோடும் பிணைத்தன. கறுப்பின மக்களையே குறிவைத்த அச்சட்டங்கள் நோயாளியையும் தாங்குநரையும் ஒன்றாகக் குழப்பின. நலமுடன் இருந்தோர் வேலையிலும் காப்பீட்டிலும் புறக்கணிக்கப்பட்டனர். 1972ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தன்விருப்பப் பரிசோதனையையே வலியுறுத்த வேண்டியதாயிற்று.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 40 வயது வரையிலான ஏழு கோடிப் பேரைப் பரிசோதித்து, 2047க்குள் நோயை ஒழிப்பது அதன் இலக்கு. பரிசோதிக்கப்பட்டோர்க்கு மரபணு ஆலோசனை அட்டையும் வழங்கப்படுகிறது. மணத்திற்கு முன் இணையர் தம் அட்டைகளை ஒப்பிட வேண்டும் என்பதே நோக்கம்.

நோக்கம் நன்று. ஆயினும் அகமண வழக்குடைய சிறு சமூகமொன்றில் மூவரில் ஒருவர் தாங்குநர் எனக் கொள்வோம். தற்செயலாக இணையும் ஒன்பது இணையரில் ஓரிணைக்கு இவ்விடர் நேரும். அவர்களிடம் ‘மணக்காதீர்’ என்று மட்டும் சொல்லும் அட்டை, பெரும்பாலும் பெண்ணின் மீதே பழியாக விழும். மகப்பேற்றுக்கு முந்தைய கண்டறிதலும், ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்தும், அவர்கள் மொழியிலேயே ஆலோசனையும் எட்டும் தொலைவில் இருக்கும்போதுதான் அவ்வட்டை அறிவாகும். இல்லையெனில் 1952இன் வகைப்பாடு புதியதொரு வடிவில் தொடரும், அவ்வளவே.