கல்வெட்டுகளில் கடன்தகுதி

கடன் வேண்டுவோரின் முன்வரலாற்றை 300 முதல் 900 வரை எண்ணிட்டு அளத்தல், 2000இல் 'சிபில்' நிறுவனம் தோன்றிய பின் இந்தியாவில் ஏற்பட்ட முறையாகும். முன்வரலாற்றை நோக்கும் வழக்கமோ பழையது. திருக்கழுக்குன்றத்து முதலாம் ஆதித்தனின் 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, ஸ்கந்தசிஷ்யன் அளித்து, வாதாபி கொண்ட நரசிங்கப்போத்தரையர் காத்த நிலக்கொடையைப் புதுப்பிக்கின்றது. பழைய உறுதியே புதிய உறுதிக்குச் சான்றாயிற்று.

அக்காலத்துக் கடன் கொடுத்தோர் யாரை நம்பினர்? முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிலின் பொருள், காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்காற் காசு, அஃதாவது நூற்றுக்கு 12½, பொலிசைக்கு ஊர்ச்சபைகளுக்கு அளிக்கப்பட்டது. தனியொருவன் இறப்பான், சபை இறவாது, அதன் நிலமும் பெயராது. நிலைபேறே தகுதியாகக் கருதப்பட்டது என்பது எம் துணிபு.

தனிமாந்தரை அளந்த முறையை உத்தரமேரூரிற் காணலாம். அது வாரியப் பதவிக்குரியதேயன்றிக் கடனுக்குரியதன்று; ஆயினும் நோக்கு ஒன்றே. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, காணிக்கடன் செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் உடையவன் பெயரே குடவோலையில் இடப்பெறும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லானாயின் அரைக்கால் வேலியே அமையும். கல்வி நிலத்திற்கு ஈடு நின்றமை வியக்கற்பாலது. வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவன் விலக்கப்பட்டான். அவனோடு சிற்றன்னை மக்களும், அத்தை மாமன் மக்களும் விலக்கப்பட்டனர். இன்றைய அறிக்கையோ, பிணை நின்றாலன்றி, உறவினர் தவற்றை ஒருவர்மேல் ஏற்றுவதில்லை.