இணையத் தொலைபேசியில் இடைமாற்றுச் சேவையகத்தின் இடம்

இணையவழிக் குரல் அழைப்புச் சேவை தொடங்குவோர் பலர், நேட் தடையைக் கடக்க ஸ்டன் சேவையகம் போதும், குரலை வாங்கித் தரும் டர்ன் இடைமாற்றுச் சேவையகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிடுகின்றனர். இவ்வரிசை தலைகீழானது; டர்ன் அமைத்த பிறகே ஒரு சேவையைத் தொலைபேசி என்று அழைக்க முடியும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

சிக்கலின் வேர்

ஐபிவி4 முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி மட்டுமே. இப்பற்றாக்குறையைத் தள்ளிப்போட 1994இல் ஆர்.எஃப்.சி. 1631 என்ற இணைய நெறிமுறை ஆவணம் முன்வைத்த குறுகிய காலத் தீர்வே நேட். பல கருவிகள் ஒரே பொது முகவரியின் பின்னால் நின்று வெளியுலகோடு பேசுகின்றன. இணையதளம் பார்ப்பவருக்கு இதனால் இடரில்லை. கோரிக்கை எப்போதும் உள்ளிருந்தே கிளம்புகிறது. அழைப்போ வெளியிலிருந்தும் வரும். மேலும், குரலை எங்கே அனுப்ப வேண்டும் என்ற விவரத்தை, அழைப்பை ஏற்படுத்தும் சிப் நெறிமுறை தன் செய்தியின் உள்ளடக்கத்திலேயே எழுதுகிறது. அதில் 192.168 எனத் தொடங்கும் உள்முகவரி இருந்தால் மறுமுனையால் அதை அடைய இயலாது. மணி அடிக்கும், எதிர்முனையில் எடுப்பார்கள், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது.

ஊகத்திலிருந்து சோதனைக்கு

ஸ்டன் சேவையகத்தின் பணி எளியது: தனக்கு வந்த பொதி எந்தப் பொது முகவரியிலிருந்து, எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்று கேட்டவருக்கே சொல்வது. 2003இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 3489, இவ்விடைகளைக் கொண்டு நேட் கருவிகளை நான்கு வகைகளாகப் பிரித்தது. அவற்றுள் சமச்சீர் வகை, ஒவ்வொரு சேருமிடத்துக்கும் தனித்தனிப் போர்ட் ஒதுக்குவது. ஸ்டன் சொன்ன போர்ட் ஸ்டன்னுக்கு மட்டுமே உரியதாகிவிடுவதால் மறுமுனைக்கு அது உதவாது. நடைமுறையில் பல கருவிகள் எந்த வகையிலும் அடங்கவில்லை. ஆகவே 2008இல் ஆர்.எஃப்.சி. 5389 அவ்வகைப்பாட்டைக் கைவிட்டது. ஸ்டன் முழுத் தீர்வு என்ற நிலைப்பாட்டையும் விட்டது. 2010இல் வந்த ஐஸ் நெறிமுறை, இருமுனைகளும் தமக்குத் தெரிந்த முகவரிகளையெல்லாம் திரட்டி, இணை இணையாகச் சோதித்து, வேலை செய்வதைத் தேர்ந்துகொள்ளச் செய்தது. அத்திரட்டில் டர்ன் தந்த முகவரி இல்லையெனில், நேர்வழிகள் தோற்றதும் அழைப்பும் தோற்கும்.

இந்த இழப்பு எல்லோருக்கும் சமமாக வருவதில்லை. 2011 பிப்ரவரியில், முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் ஐயானா அமைப்பின் கையிருப்பு ஐபிவி4 முகவரிகள் தீர்ந்தன. 2012இல், தொலைத்தொடர்பு நிறுவனங்களே நடத்தும் நேட்டுக்கென 100.64.0.0/10 தொகுதி ஒதுக்கப்பட்டது. சொந்த ரவுட்டர் வைத்திருப்பவர் அதில் போர்ட் திறந்துகொள்ளலாம். நிறுவனத்தின் நேட்டுக்குப் பின்னால் மொபைல் டேட்டாவில் பேசுபவருக்கு அந்த வழி இல்லை. டர்ன்னைத் தவிர்க்கும் முடிவு, தன் இணைப்பின் மீது மிகக் குறைந்த கட்டுப்பாடு உடையவரையே விலக்கிவைக்கிறது.

மறுப்புகள்

முதல் மறுப்பு செலவு. ஜி.711 முறையில் குறியாக்கிய குரல், 20 மில்லிவினாடிக்கு ஒரு பொதி என்ற கணக்கில், தலைப்புகளோடு ஒரு திசைக்கு நொடிக்கு 80 கிலோபிட் ஆகும். ஒரு சேவையகம் வழியே நூறு அழைப்புகள் ஒரே நேரத்தில் சென்றாலும் உள்ளே 16 மெகாபிட், வெளியே 16 மெகாபிட் அளவே. நேர்வழி கிடைக்கும் அழைப்புகளை ஐஸ் இங்கே அனுப்பாது என்பதால் உண்மைச் சுமை இன்னும் குறையும்.

இரண்டாவது மறுப்பு அந்தரங்கம். குரல் எஸ்ஆர்டிபி நெறிமுறை மூலம் மறையாக்கப்பட்டு, திறவுகோல் இருமுனைகளிடம் மட்டும் இருந்தால் இடைமாற்றியால் பேச்சைக் கேட்க முடியாது. எந்த முகவரி எதனோடு எப்போது தொடர்புகொண்டது என்பது அதற்குத் தெரியும். ஆகவே பதிவேடுகளை நீண்டகாலம் சேமிக்கக் கூடாது.

மூன்றாவது, ஐபிவி6 வந்தால் இச்சிக்கல் தீரும் என்பது. தீயரண்கள் அப்போதும் இருக்கும். ஐபிவி6 மட்டும் உள்ளவரும் ஐபிவி4 மட்டும் உள்ளவரும் பேச நடுவில் ஒருவர் தேவை.

அமைப்பில் கவனிக்க வேண்டியவை

திறமூல மென்பொருளான கோடர்ன் இப்பணிக்குப் போதும். 3478 போர்ட்டை யுடிபி, டிசிபி இரண்டுக்கும் திறக்க வேண்டும். சில அலுவலக வலையமைப்புகள் 443ஐ மட்டுமே அனுமதிப்பதால் அதிலும் டிஎல்எஸ் வழி சேவை தர வேண்டும். 49152 முதல் 65535 வரையிலான இடைமாற்றுப் போர்ட்டுகளைத் தீயரண் மறிக்கக் கூடாது. கிளவுட் சேவையகம் பெரும்பாலும் தானே நேட்டுக்குப் பின்னால் இருக்கும். அதன் பொது முகவரியை அமைப்புக் கோப்பில் குறிப்பிடாவிட்டால் அதுவும் உள்முகவரியையே பிறருக்குத் தரும். குறுகிய காலமே செல்லும் கடவுச்சொற்களும், உள்முகவரிகளுக்கு இடைமாற்றம் செய்யத் தடையும் கட்டாயம். இல்லையேல் அந்நியர் இச்சேவையகம் வழியே நம் உள்வலையமைப்புக்குள் நுழைவர். இறுதியாக, நேர்வழிகளை முடக்கி, இடைமாற்றம் வழியாக மட்டும் அழைத்துச் சோதிக்க வேண்டும்.

முடிபு

எளிதில் இணையும் அழைப்புகளைக் கொண்டு ஒரு தொலைபேசிச் சேவையை மதிப்பிடுவது பிழை. மிகக் கடுமையான நேட்டுக்குப் பின்னால் இருப்பவரும் பேச முடிகிறதா என்பதே அளவுகோல். அவ்வகையில் டர்ன் அடித்தளம். ஸ்டன் கண்டுதரும் நேர்வழி, அதன்மேல் கிடைக்கும் சிக்கனம். திட்ட மதிப்பீட்டில் டர்ன்னுக்கான செலவு முதலிலேயே இடம்பெற வேண்டும்.