தொழுநோய்க்கு வைட்டமின் மாத்திரை கைகொடுக்குமா? நோயாளிகள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

தொழுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வைட்டமின் ஈ, சி போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளையும் சேர்த்துப் போட்டால் நல்லதா?

ஏன் இந்தக் கேள்வி?

தொழுநோய்க் கிருமியை எதிர்த்து உடல் போராடும்போது ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகும். அவற்றைக் கட்டுப்படுத்தும் ஆன்டிஆக்ஸிடன்ட்கள் நோயாளிகளின் ரத்தத்தில் குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கூட்டு மருந்துடன் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில் ஃப்ரீ ராடிக்கல் பாதிப்பு குறைந்தது.

அப்போ நோய் குணமாகிடுமா?

இல்லை. ரத்தப் பரிசோதனையில் அளவு மாறுவது வேறு, கிருமி சாவது வேறு. கிருமியைக் கொல்வது ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபாசிமைன் அடங்கிய கூட்டு மருந்துதான். உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்த சிகிச்சை இது. நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிடணும். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

சத்து மாத்திரைதானே, என்ன ஆகிடப் போகுது?

டாப்சோன் சிலருக்கு ரத்த சிவப்பணுக்களை உடைக்கும். ஜி6பிடி குறைபாடு இருந்தால் ஆபத்து அதிகம். அவர்களுக்கு அதிக டோஸ் வைட்டமின் சி-யும் இதே பாதிப்பைத் தரலாம். அதனால டாக்டர்கிட்ட கேட்காம வாங்கிப் போடாதீங்க.

எப்போது உடனே போகணும்?

நரம்பில் வலி, கை கால் திடீரென பலவீனம், கண்ணில் வலி, சிவப்பு வந்தால் அது 'லெப்ரா ரியாக்‌ஷன்' ஆக இருக்கலாம். இதற்கு ஸ்டீராய்டு சிகிச்சை தேவைப்படும். வைட்டமினை நம்பிக் காத்திருந்தால் ஊனம் நிரந்தரமாகிவிடும். கூட்டு மருந்தை மட்டும் பாதியில் நிறுத்தவே கூடாது.