சீலைச் சிறகும் டோப் அறையும்

லண்டனில் பதினெட்டு வருடம் கார்களுக்குப் பெயின்ற் அடித்தவன் நான். அதனால்தான் அத்தான் என்னைக் கூப்பிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நகரத்துக்கு வடக்கே ஒரு புல்வெளி ஓடுதளத்துக் கொட்டகையில், இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானமொன்றைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். "நீ கார் அடிச்சனிதானே, இதையும் ஒருக்கா அடிச்சு விடு" என்றார்.

போய்ப் பார்த்தேன். உருக்குக் குழாய்ச் சட்டம், மரத்தாலான சிறகெலும்புகள், அவற்றின்மேல் பொலியெஸ்ரர் சீலை. இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டிச் சுருக்கியிருந்தார். தட்டினால் மேளம்போல் அதிர்ந்தது. காரில் பெயின்ற் உரிந்தால் அழகு போகும், துருப்பிடிக்கும். இங்கே பெயின்ற் போனால் சிறகின் பலமே போய்விடும். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் சீலையின் இழைகளை மெல்ல மெல்ல இற்றுப்போகச் செய்யும். அதைத் தடுக்கத்தான் நிறத்துக்கு அடியில் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு. அது போதுமா என்று பார்க்க, சிறகுக்குள் ஒரு பல்பை எரியவிட்டு வெளியே நின்று பார்ப்பார்கள். வெளிச்சம் கசிந்தால் இன்னொரு பூச்சு.

இந்தப் பாடத்தை முதலில் படித்தது முதல் உலகப் போர்க்காலம். அப்போது சிறகுகளுக்கு லினன் துணி. அதை இறுக்கி, காற்றுப் புகாமல் அடைக்கப் பூசிய திரவத்துக்கு டோப் என்று பெயர். பிரித்தானிய விமானங்களின் மேற்பரப்பில் பி.சி. 10 என்ற டோப் பூசப்பட்டது. இரும்பு ஒக்சைட்டும் விளக்குக் கரியும் கலந்தது. எதிரியின் கண்ணிலிருந்து மறைப்பதைப்போலவே வெயிலிலிருந்து லினனைக் காப்பதும் அதன் வேலை. அது பச்சையா, மண்ணிறமா என்று இன்றும் மாதிரி விமானம் செய்பவர்கள் சண்டை பிடிக்கிறார்கள். பழசாகப் பழசாக நிறம் மாறும் பூச்சு, இரண்டு பக்கமும் சரியாக இருக்கலாம்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த நிறமல்ல, அதைப் பூசியவர்கள்.

நைத்திரோசெல்லுலோஸ் டோப் சட்டென்று தீப்பிடிக்கும். அதற்கு மாற்றாகச் செல்லுலோஸ் அசிற்றேற் டோப் வந்தது. அதைக் கரைக்க ரெற்றாகுளோரோஈதேன் என்ற திரவத்தைச் சேர்த்தார்கள். அது எரியாது. தீக்குப் பயந்து தேடிய அந்தத் திரவம் ஈரலைத் தின்றது. 1914இல் ஹெண்டனில் விமானங்களுக்கு டோப் பூசியவர்களுக்குக் கண் மஞ்சளானது, சிலர் இறந்தார்கள். மூடிய அறை, சூடு, நாள் முழுக்க ஆவி. போர் வளர வளர அந்த அறைகளில் பெண்களே கூடுதலாக நின்றார்கள். வில்லியம் வில்கொக்ஸ் என்ற மருத்துவர் இதை ஆராய்ந்து 1915இல் லான்செற் இதழில் எழுதினார். 1916இல் இந்த நச்சு மஞ்சள்காமாலை, அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய தொழில்நோயானது. பிறகு அந்தத் திரவம் டோப்பிலிருந்து விலக்கப்பட்டு, அசிற்றோன் போன்றவை அந்த இடத்துக்கு வந்தன.

ஹெண்டன் எனக்குத் தூரமில்லை. அந்தப் பழைய விமானத் தளத்தில் இப்போது விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகள் சின்னனாக இருந்தபோது பலமுறை கூட்டிப் போயிருக்கிறேன். சீலைச் சிறகு விமானங்களைக் காட்டி, ஓட்டியவர்களின் கதையைச் சொன்னேன். பூசியவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

தெரிந்துகொண்டதற்கு என் நெஞ்சுதான் காரணம். நான் வேலை செய்த ஒரு கராஜில் ஹார்ட்னர் கலக்கும் பெயின்ற் அடிக்கக் கரி வடிகட்டி மாஸ்க் மட்டும் தந்தார்கள். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேற் இருக்கும். அதன் ஆபத்தை மணத்தை வைத்து அறிய முடியாது. வடிகட்டி எப்போது தீர்ந்தது என்றும் தெரியாது. வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று வரும் முகமூடிதான் அதற்குச் சரி. எனக்கு அது கிடைத்தபோது ஆஸ்துமா வந்துவிட்டது. பிரித்தானியாவில் தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு வாகனப் பெயின்ற் வேலை பெரிய காரணங்களில் ஒன்று என்று டொக்டர் சொன்னபோதுதான், எனக்கு முன்னால் யார் யார் என்று வாசிக்கத் தொடங்கினேன்.

அத்தான் ஆசைப்பட்டது அந்த ஹார்ட்னர் பெயின்ற்தான். கண்ணாடி மாதிரி மினுங்கும். "மினுக்கம் வேணுமெண்டால் வேற ஆளைப் பாருங்கோ அத்தான்" என்றேன். இரண்டு கிழமை கதைக்கவில்லை. பிறகு ஹார்ட்னர் இல்லாத ஒற்றைப் பெயின்ற் வாங்கி வந்தார். மினுக்கம் குறைவு, ஆனால் கிழிந்தால் அதே கரைப்பானால் இளக்கி ஒட்டுப் போடலாம். கொட்டகைக் கதவுகளை அகலத் திறந்துவிட்டு, மாஸ்க்கோடு அவரே அடித்தார். நான் வெளியே கதிரையில் இருந்து, "கையை நிப்பாட்டாதேங்கோ, வழியப்போகுது" என்று கத்தினேன்.

காயும் மட்டும் சொல்ல வேண்டியதையும் சொன்னேன். சிலிக்கன் பொலிஷ் கிட்டவும் வரக்கூடாது. பிறகு எந்தப் பெயின்ற் அடித்தாலும் மீன்கண் மாதிரிக் குழி விழும். மெல்லிய சோப்புத் தண்ணீர் போதும். பெற்றோல் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். வெளியே விட்டால் உறை போட வேண்டும்.

அவர் எனக்குத் திருப்பிச் சொல்லித் தந்தது ஒன்று. நிறம் அடித்த வால் சுக்கானைக் கழற்றித் திரும்ப நிறுத்தார். கீலுக்குப் பின்னால் பெயின்ற்றின் எடை கூடினால், வேகத்தில் சுக்கான் உதறத் தொடங்கி வாலையே பிய்த்துவிடலாமாம். தராசின் இலக்கத்தைக் கொப்பியில் எழுதினார். போன முறை எழுதியதைவிடக் கூட. "இன்னும் ஒரு கோட் அடிக்கட்டோ?" என்று கேட்டார்.

"போதும்" என்றேன்.