எச்சரிக்கைக்கும் ஆணைக்கும் நடுவே

2013 நவம்பர் 30. நன்றி நவிலல் விடுமுறையை அடுத்த சனிக்கிழமை. அமெரிக்கக் கடைகளில் கூட்டம் அலைமோதிய நேரம். டார்கெட் என்ற சில்லறை விற்பனை நிறுவனத்தின் வலையமைப்பில் தீநிரல் புகுந்திருப்பதாக ஃபயர்ஐ மென்பொருள் எச்சரித்தது. பெங்களூருவில் இருந்த கண்காணிப்புக் குழு அதைக் கவனித்து மினியாபொலிஸ் தலைமையகத்துக்குச் சொன்னது. அங்கே யாரும் அசையவில்லை. டிசம்பர் 15 வாக்கில் தீநிரலை அகற்றுவதற்குள் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் களவு போயிருந்தன. தீநிரலைத் தானாகவே அழிக்கும் வசதியும் அந்த மென்பொருளில் இருந்தது. அதை அணைத்து வைத்திருந்தார்கள் என்று ப்ளூம்பெர்க் பிசினஸ்வீக் 2014 மார்ச்சில் எழுதியது.

செயற்கை நுண்ணறிவின் வேகம் பற்றிய பேச்சு பெரும்பாலும் கண்டறிதலோடு நின்றுவிடுகிறது. டார்கெட்டில் கண்டறிதல் தாமதமாகவில்லை. ஆணைதான் தாமதமானது.

மினியாபொலிஸ் ஊழியர்களை மட்டும் பழிப்பது நியாயமல்ல. பெரிய நிறுவனங்களின் கண்காணிப்பு மையங்களில் எச்சரிக்கைகள் குவிந்துகொண்டே இருக்கும். பல வெறும் புரளி. ஓர் ஊழியரின் கணக்கு நள்ளிரவில் பழக்கமில்லாத சர்வரைத் தொடுகிறது. சற்று நேரத்தில் அதே கணினியிலிருந்து பெரிய கோப்பு ஒன்று வெளியேறுகிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் அற்பம். இயந்திரக் கற்றல் ஒவ்வொரு கணக்கின் வழக்கத்தையும் படித்து வைத்திருப்பதால் இவற்றை ஒரே சம்பவமாகக் கோக்கிறது. பிறகு மொழி மாதிரி, நடந்ததைச் சில வரிகளில் எழுதி ஆய்வாளர் முன் வைக்கிறது. உண்மையான ஆதாயம் இந்தச் சலித்தெடுப்பில்தான்.

பாதுகாப்பில் செயற்கை நுண்ணறிவையும் தானியக்கத்தையும் விரிவாகப் பயன்படுத்திய நிறுவனங்கள், பயன்படுத்தாதவற்றைவிடச் சராசரியாகக் கிட்டத்தட்ட 100 நாள் முன்னதாகவே ஊடுருவலைக் கண்டறிந்து அடக்கின என்கிறது ஐபிஎம்மின் 2024 அறிக்கை. அவை பணமும் ஆள்பலமும் மிகுந்த நிறுவனங்களாகவும் இருக்கக்கூடும். முழுப் பெருமையையும் மென்பொருளுக்கே எழுதிவிட முடியாது. எதிர்த்தரப்பின் கணக்கோ நாள்களில் இல்லை. முதல் கணினியைப் பிடித்த கும்பல் அடுத்த கணினிக்குத் தாவ 2024இல் சராசரியாக எடுத்துக்கொண்டது 48 நிமிடம், மிகக் குறைந்தது 51 நொடி என்று இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் பதிவு செய்திருக்கிறது.

அப்படியானால் ஆணையையும் இயந்திரத்திடமே விட்டுவிடலாமா? இதற்கு அதே கிரவுட்ஸ்ட்ரைக்கின் அனுபவம் தடை சொல்கிறது. 2024 ஜூலை 19 அன்று அதன் பிழையான புதுப்பிப்பு ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இது செயற்கை நுண்ணறிவின் தவறு அன்று. போதிய சோதனையின்றி உலகெங்கும் ஒரே நேரத்தில் பாய்ந்த தானியக்கத்தின் தவறு. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் விழுந்த கணினிகளில் பலவற்றுக்கு ஆள் நேரில் போய்க் கோப்பை நீக்க வேண்டியிருந்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்!

ஆகவே எல்லையை வேகத்தை வைத்து வகுப்பதைவிட, மீட்க முடியுமா என்பதை வைத்து வகுப்பதே பொருத்தம். ஒரு மடிக்கணினியை வலையமைப்பிலிருந்து துண்டிப்பதும் ஒரு கணக்கைத் தற்காலிகமாகப் பூட்டுவதும் சந்தேகம் தவறென்றால் சில நிமிடங்களில் சரிசெய்யக்கூடியவை. இவற்றை இயந்திரமே செய்யட்டும். மருத்துவமனையின் மைய சர்வரை நிறுத்துவது, எல்லாக் கிளைகளுக்கும் ஒரே ஆணையை அனுப்புவது போன்றவற்றுக்கு மனித ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலைத் தரும் அதிகாரம் விடுமுறை இரவில் யார் கையில் இருக்கிறது என்பதைப் பாதுகாப்புத் தணிக்கையாளர்கள் இனி முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.